தன் இரங்கற்குறிப்பைத் தானே எழுதியவர்

மலையாள நாளிதழ்களில் ‘சரமம்’ என்னும் பகுதியைக் கண்டிருப்பீர்கள். மறைந்தோரைப் பற்றிய செய்திகள் அதில் வெளிவரும். ‘சரமம்’ என்பதற்கு ‘இறுதி’ என்பது பொருள். தமிழிலும், இறந்தோரைப் பாடும் செய்யுளைச் ‘சரமகவி’ என்றும் ‘இரங்கற்பா’ என்றும் கூறுவர்.

பிறர் எழுதவேண்டியதைத் தாமே எழுதிக்கொண்டோரும் உளர். கவிஞர் கண்ணதாசன் (1927–1981) வாழும்போதே தமக்கு இரங்கற்பா இயற்றினார். சென்னையில் வாழ்ந்த மோட்டார் பந்தய வீரரும் நாடகக் கலைஞருமான எஜ்ஜி உமாமகேஷ் 2020ஆம் ஆண்டு மறைந்தார். அவர் முன்னரே எழுதிவைத்த இரங்கற்குறிப்பு நாளிதழில் வெளிவந்தது. அதில் தம் உடலைப் பழைய ஊர்தி எனவும், வாழ்வை முடிந்துபோன விருந்து எனவும் நகைச்சுவையாகக் குறிப்பிட்டு விடைபெற்றார்.

இந்நகைச்சுவையினுள் ஒரு வினா உண்டு: ‘என்னைப் பற்றி எந்த வரி நிலைக்க வேண்டும்?’ மறைந்தபின் அவ்வரியை நம்மால் திருத்த இயலாது. இன்றோ, நம் செயலால் திருத்தலாம்.

பயிற்சி
1. ‘சரமகவி’ – பொருள் எழுதுக.
2. உமாமகேஷ் தம் உடலை எதனோடு ஒப்பிட்டார்? அவ்வொப்புமை அவருக்குப் பொருந்துவது ஏன்?
3. தமிழகத்திலிருந்து இங்கு வந்து உழைத்த உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம், தம்மைப் பற்றி எதனைப் பிறர் நினைவுகூர வேண்டும் என விரும்புகிறார் எனக் கேட்டு எழுதுக.
4. நூறாண்டு வாழ்ந்து விடைபெறுவதாகக் கருதி, உங்களைப் பற்றி நகைச்சுவையுடன் ஐந்து வரிகள் எழுதுக.