முந்தியது எது, பிந்தியது எது?



சென்ற வாரம் கடலோரத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் செல்பேசியை நீட்டி, "சாமி, பையன் எழுதியிருக்கான். சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.) மகன் வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகு ஓட்டுகிறான். படகு பாறையில் மோதிச் சேதமாயிற்று. நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி முதலாளி கேட்டிருக்கிறார். அவன் எழுதியிருந்தது இது:

"வென் தி போட் ஹிட் தி ராக், ஐ ஹேட் லெஃப்ட் தி வீல்."

படித்ததும் எனக்குத் திக்கென்றது. படகு மோதுவதற்கு முன்னமேயே சுக்கானை விட்டுப் போய்விட்டேன் என்றல்லவா இதற்குப் பொருள்! நடந்ததோ வேறு. மோதிய பிறகுதான், தண்ணீர் எங்கே புகுகிறது என்று பார்க்க அவன் சுக்கானை விட்டான். 'விட்டுவிட்டேன்' என்று தமிழில் நினைத்து, அதிலுள்ள இரண்டாவது 'விட்டேன்' என்பதற்கு ஈடாக ஒரு 'ஹேட்' போட்டுவிட்டான். பாவம், தன் கையாலேயே தன்மேல் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டான்.

தமிழில் 'மோதியதும்', 'மோதுமுன்', 'மோதிய பிறகு' என்று முன்பின்னைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்து 'வென்' அவ்வளவு சொல்லாது. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தும், அவ்வளவே. எது முந்தியது என்பதை வினைச்சொல்தான் காட்டவேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதிக் காலையை நம் கரையோரத்தார் மறக்கவில்லை. மாமல்லபுரத்தில் கடல் முதலில் உள்வாங்கியது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் கற்கள் வெளியே தெரிந்தன என்று கண்டவர்கள் சொன்னார்கள். பிறகே பேரலை வந்தது. அன்று கரையில் நின்ற மூன்று பேர் ஆங்கிலத்தில் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"வென் தி வேவ் கேம், வீ ரேன்" என்கிறார் ஒருவர். அலை வந்தது, கண்டு ஓடினார்கள். "வென் தி வேவ் கேம், வீ வேர் ரன்னிங்" என்கிறார் அடுத்தவர். ஓடிக்கொண்டிருக்கையிலேயே அலை வந்துவிட்டது. மூன்றாமவர், "வென் தி வேவ் கேம், வீ ஹேட் ரீச்ட் தி ரோடு" என்கிறார். அலை வருமுன்பே சாலை சேர்ந்தாயிற்று. கடல் உள்வாங்கியதைக் கண்டவுடனே கிளம்பியவர் அவர். மூன்றிலும் 'வென் தி வேவ் கேம்' ஒன்றுதான். பின்னால் வரும் வினையைக் கவனியுங்கள்: உயிர் பிழைத்த கதையே அதில்தான் மாறுகிறது.

'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்தால் கவலை குறைவு. முன்பின்னை அந்தச் சொற்களே சொல்லிவிடுவதால் 'ஹேட்' பெரும்பாலும் கட்டாயமில்லை. "ஆஃப்டர் தி சீ வென்ட் பேக், தி வேவ் கேம்" என்பது சரியான ஆங்கிலமே. 'ஹேட் கான் பேக்' என்றாலும் பிழையில்லை. இங்கே 'ஹேட்' போடாவிட்டால் மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களோடு எனக்குச் சம்மதமில்லை.

இன்னொரு பழக்கம். 'நேற்றுச் சென்னைக்குப் போயிருந்தேன்' என்பதை அப்படியே "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு சென்னை" என்கிறோம். 'ஹேட்' சாய்ந்து நிற்பதற்குப் பிந்திய சம்பவம் ஒன்று வேண்டும். அது இல்லாதபோது 'ஐ வென்ட்' போதும். அவ்வாறே 'நேற்று நான் வரும்போது' என்பதை 'வென் ஐ கம்' ஆக்காதீர்கள். 'வரும்' என்பதில் காலம் தெரியாவிட்டாலும், நேற்று என்றால் 'வென் ஐ கேம்'தான். வழியில் வந்துகொண்டிருந்தபோது என்றால் 'வைல் ஐ வாஸ் கமிங்'.

பையனுக்குத் திருத்திக் கொடுத்தது: "ஆஃப்டர் தி போட் ஹிட் தி ராக், ஐ லெஃப்ட் தி வீல் டு செக் தி டேமேஜ்." 'வென்' என்றே வைத்து 'ஹேட்'டை மட்டும் எடுத்திருந்தாலும் போதும். ஆனால் முதலாளிக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று 'ஆஃப்டர்' போட்டேன். அன்றிரவே அனுப்பிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 'நாங்கள் செங்கல்பட்டு நிலையம் சேர்ந்தபோது வண்டி புறப்பட்டது', 'நாங்கள் செங்கல்பட்டு நிலையம் சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுப் போயிருந்தது'. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி, எந்த வண்டியை ஓடிப்போயாவது பிடித்திருக்கலாம் என்றும் எழுதுங்கள். ஞாயிறு பூசைக்குப் பின் என்னிடம் காட்டலாம்.