கீழ்க்காய்நெல்லி: ஒரு பெயர், இரண்டு செடிகள்

சென்ற மாரி விடுமுறையில் என் தம்பிக்கு மஞ்சட்காமாலை வந்தது. வைத்தியசாலையில் இரத்தம் பரிசோதித்து, ஓய்வாக இருக்கச் சொல்லி அனுப்பினார்கள்.

"மகள், வேலியோரத்தில கீழ்க்காய்நெல்லி நிக்கும். வேரோட பிடுங்கிட்டு வாங்க" என்றார் உம்மும்மா.

"டாக்டரிட்டக் கேக்காமக் குடுக்க வேணாம்" என்றார் உம்மா.

நான் ஒரு பிடி பிடுங்கி வந்தேன். உம்மும்மா அதில் பாதியை ஒதுக்கிவிட்டார். "இது வேற மகள், தண்டு செவப்பு." விஞ்ஞானத்தில் நல்ல புள்ளி எடுக்கும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டையும் கைவில்லையுடன் எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தேன்.

தோழியரே, இரண்டும் பில்லாந்தஸ் என்ற ஒரே சாதியைச் சேர்ந்தவை. நாம் உப்புத் தொட்டுத் தின்னும் பெருநெல்லியும் இவற்றின் உறவுதான். கிரேக்க மொழியில் இப்பெயருக்கு 'இலைப்பூ' என்று பொருள். பூக்கள் இலையடியில் ஒளிந்திருப்பதால் அப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது. இரண்டிலும் சிறுகிளை முழுவதும் ஒரு கூட்டிலைபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வோர் இலையடியிலும் பூ இருப்பதால் அது கிளையே என்று அறியலாம். இரண்டிலும் அல்லிகள் இல்லை, புல்லிகள் மட்டுமே உண்டு.

இனி வேறுபாடுகளைப் பார்ப்போம்.

முதலாவது, கீழ்க்காய்நெல்லி. இதன் தாவரவியற் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்றால் கசப்பு. தண்டு பச்சை. இலை வழுவழுப்பானது. பூவில் 5 புல்லிகள். பெரும்பாலான இலையடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் சோடியாக இருக்கும். காய் வழுவழுப்பாக, சிறு காம்பில் தொங்கும். விதையில் நீளவாக்கில் வரிகள் உண்டு.

இரண்டாவது, சிவப்புக் கீழ்க்காய்நெல்லி. இது பில்லாந்தஸ் யூரினேரியா. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். தண்டு பெரும்பாலும் செம்மை படர்ந்திருக்கும். இலையின் ஓரத்தைத் தடவினால் நுண்மயிர் சொரசொரக்கும். பூவில் 6 புல்லிகள். ஆண் பூக்கள் சிறுகிளையின் நுனிப்பக்கம், பெண் பூக்கள் அடிப்பக்கம் எனப் பிரிந்திருக்கும். காய் காம்பில்லாததுபோல் ஒட்டி, கரடுமுரடாக இருக்கும். விதையில் குறுக்கு வரிகள் உண்டு.

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. வெயிலுக்கும் மண்ணுக்கும் ஏற்பத் தண்டின் நிறம் மாறலாம். காயைத் திருப்பிப் பாருங்கள். வழுவழுப்பா, சொரசொரப்பா? காம்பு உண்டா, இல்லையா? இந்த இரண்டு கேள்விகளே போதும்.

அடுத்த கிளினிக்கில் உம்மா கேட்டபோது, ஈரல் தேறும்வரை எந்தக் கசாயமும் வேண்டாம் என்றார் டாக்டர். உம்மும்மா மறுக்கவில்லை. தம்பி ஓய்வெடுத்தே சுகமானான்.

இரண்டு செடிகளும் இப்போது காய்ந்து என் கொப்பிக்குள் இருக்கின்றன. பெயரை நான் புத்தகத்தில் படித்தேன். பார்க்கக் கற்றுத்தந்தவர், பள்ளிக்கூடம் போகாத என் உம்மும்மா.