வரி ஆபீசிலிருந்து பேசுகிறேன்!

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஓர் அக்கா பூ விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரம். நல்ல கூட்டம். அப்போது போன் மணி அடிக்கிறது.

"அம்மா, வருமான வரி ஆபீசிலிருந்து பேசுகிறேன். உங்கள் பான் அட்டையில் 12,000 ரூபாய் வரி பாக்கி இருக்கிறது."

"நான் பூ விற்கிறவள், சார். எனக்கு என்ன வரி?"

"அதெல்லாம் தெரியாது. ஒரு மணி நேரத்தில் பணம் அனுப்புங்கள். இல்லாவிட்டால் போலீஸ் வரும். போனை வைக்காதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்."

அக்காவுக்குக் கை நடுங்குகிறது.

பேசியவர் வரி அதிகாரியா? இல்லை. மோசடிக்காரர். அவர் பேச்சைக் கவனியுங்கள். பயம் காட்டினார். அவசரப்படுத்தினார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க விடாமல் தடுத்தார். யோசிக்க நேரம் கிடைத்தால் நாம் ஏமாற மாட்டோம். அது அவருக்குத் தெரியும்.

உண்மையான வரி ஆபீஸ் எப்படி நடக்கும்?

அங்கே எல்லாம் எழுத்து மூலம் நடக்கும். நோட்டீஸ் வரும். பதில் சொல்ல நாள் தருவார்கள். வருமான வரித் துறையின் கடிதங்களில் ஒரு தனி எண் இருக்கும். இந்த முறை 2019 அக்டோபர் 1 முதல் வந்தது. அந்த எண் உண்மையா என்று வரித் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அக்ஷயா மையத்தில் உதவி கேளுங்கள்.

வரிப் பணம் அரசுக் கணக்கில் சேரும். தனி ஆளின் போன் எண்ணுக்குப் போகாது. ரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ அதிகாரி கேட்க மாட்டார். போனிலேயே கைது செய்யச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்று. பான் அட்டை இருப்பதால் மட்டும் வரி வராது. வருமானம் ஓர் அளவைத் தாண்டினால்தான் வருமான வரி.

படித்தவர்களும் ஏமாந்தார்கள்

மும்பைக்குப் பக்கத்தில் மீரா ரோடு என்ற ஊர் இருக்கிறது. 2016 அக்டோபரில் அங்கே சில கால் சென்டர்களில் போலீசார் சோதனை போட்டார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போன் போனது. "வரி அதிகாரி பேசுகிறேன். பணம் கட்டு. இல்லாவிட்டால் கைது!" என்று மிரட்டினார்கள். அமெரிக்காவில் பலர் பயந்து பணம் கொடுத்தார்கள். இதே வகை மோசடிக்காக 2018 ஜூலையில் அமெரிக்காவில் 21 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அதிகபட்சத் தண்டனை 20 ஆண்டுச் சிறை.

ஆகவே, படிப்பு இல்லாததால் மட்டும் ஏமாறுவதில்லை. பயத்தால்தான் ஏமாறுகிறோம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. போனை வைத்துவிடுங்கள். அது குற்றம் அல்ல. மரியாதைக் குறைவும் அல்ல.

2. வீட்டில் சொல்லுங்கள். பக்கத்துக் கடையில் சொல்லுங்கள். குடும்பஸ்ரீ கூட்டத்திலும் சொல்லுங்கள்.

3. சந்தேகம் இருந்தால் கவடியாரில் உள்ள வருமான வரி ஆபீசுக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

4. பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

பயிற்சி

1. மோசடிக்காரர் செய்த மூன்று காரியங்கள் எவை?

2. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: பணம் பறிபோனால் ______ என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

3. உங்களுக்கு இப்படி ஒரு போன் வந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? இரண்டு வரி எழுதுங்கள்.

4. 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.