நெய்வதில்லையா, நெய்யவில்லையா? ஆங்கிலக் கடிதத்தில் இரு நிகழ்காலங்கள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றிற்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தபோது, கோப்பு ஒன்றில் இரண்டு கடிதங்களைக் கண்டோம். அச்சங்கத்து அங்கத்தினர் ஒருவர் நோய்வாய்ப்பட்டு இரண்டு மாதங்கள் தறியில் அமர இயலாதிருந்தார். அவருக்குரிய உதவித் தொகையை, வெளிமாநிலத்தில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து பெற வேண்டியிருந்தது. ஆகவே கடிதம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதில் ஒரு வாக்கியம், "ஹி டஸ் நாட் வீவ்" என்று இருந்தது.

சில வாரங்களில் பதில் வந்தது. நெசவுத் தொழில் செய்யாதவருக்கு இத்தொகை உரியதன்று என்பதே அதன் சாரம். பதில் எழுதியவர் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவ்வாக்கியத்திற்கு ஆங்கிலத்தில் "இவர் நெய்வதில்லை", அஃதாவது "இவர் நெசவாளர் அல்லர்" என்பதே பொருள். எழுதியவர் கருதியதோ, "இவர் இப்போது நெய்யவில்லை" என்பது. பின்னர் இரண்டாவது கடிதம் சென்றது: "ஹி இஸ் எ வீவர். ஹி இஸ் நாட் வீவிங் நௌ, பிகாஸ் ஹி இஸ் இல்." தொகை வந்து சேர்ந்தது. ஆனால் மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. அதற்குள் அவர் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போய்விட்டது.

ஒரு வினைச்சொல்லின் வடிவம் ஒரு குடும்பத்தை இவ்வளவு தூரம் அலைக்கழித்தது. ஆகவே ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்காலங்களைப் பற்றி இம்மாதம் சிறிது ஆராய்வோம்.

1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின், நம் மாநில அலுவலகங்களுடன் தமிழிலேயே எழுதும் உரிமையும் பழக்கமும் வளர்ந்துள்ளன. அது நமக்குப் பெருமை. எனினும் நூலும் துணியும் வெல்லமும் மாநில எல்லையைத் தாண்டிச் செல்லுகின்றன. அவ்விடத்து வணிகரும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நம்முடன் பேசுகின்றன. தெரியாத மொழியில் கையொப்பமிடுவதைவிட, வேண்டிய அளவிற்கு அம்மொழியைத் தெரிந்துகொள்வது நன்று அன்றோ?

தமிழில் உள்ள நிலை

நிகழ்காலம் காட்டும் இடைநிலைகள் ஆநின்று, கின்று, கிறு என மூன்று என்று நன்னூல் கூறும். இன்று நாம் பெரிதும் வழங்குவது கிறு, கின்று என்பனவே. "அவர் நெய்கிறார்" என்றால், இந்த நிமிடம் தறியில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். நெசவே அவர் தொழில் என்றும் கொள்ளலாம். ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது. கேட்பவர் இடம் நோக்கிப் பொருள் உணர்கிறார்.

ஆயினும் இவ்வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. எக்காலத்தும் மாறாது நிகழ்வனவற்றைச் "செய்யும்" என்னும் பொதுச்சொல்லால் கூற வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதிக்கிறது. கரும்பு இனிக்கும், வெயில் காயும், ஆறு ஓடும் என்று நாம் சொல்லுவது அம்முறையிலேதான். வழக்கத்தைச் சொல்லும்போதும், "அவர் பருத்திச் சேலை நெய்வார், இப்போது லுங்கி நெய்துகொண்டிருக்கிறார்" என்கிறோம். முதலாவது வழக்கம்; இரண்டாவது நடப்பு. இவ்வுணர்வு நம்மிடம் முன்னரே இருக்கிறது. அதனை ஆங்கிலத்தில் எவ்விடத்தில் பொருத்துவது என்பதே நாம் கற்க வேண்டியது.

முதலாவது: சாதாரண நிகழ்காலம்

வழக்கமாக நடப்பது, என்றும் உண்மையாயிருப்பது, தொழில், நிலையான நிலை ஆகியவற்றிற்கு இது உரியது. "ஐ வீவ்", "வி வீவ்", "தே வீவ்" என்று வினைச்சொல் மாறாது வரும். அவன், அவள், அது என ஒருமையில் படர்க்கையாக வருமிடத்தில் மட்டும் இறுதியில் "ஸ்" அல்லது "ஸஸ்" போன்ற ஓர் ஒலி சேரும்: "ஹி வீவ்ஸ்", "தி மில் க்ரஷஸ் கேன்". நம்மவர் பலர் மறப்பது இந்த ஓர் எழுத்தையே. சங்கம் என்பது பலர் கூடியதாயினும், "தி சொசைட்டி" என்று எழுதும்போது ஒருமையாகவே கொண்டு, "தி சொசைட்டி செல்ஸ்" என்று எழுதுக.

எதிர்மறைக்கும் வினாவிற்கும் "டூ" அல்லது "டஸ்" துணைக்கு வரும். "டஸ்" வந்துவிட்டால் வினைச்சொல்லில் "ஸ்" வேண்டா. "டஸ் ஹி வீவ்?" என்பதே சரி, "டஸ் ஹி வீவ்ஸ்?" என்பது பிழை.

இரண்டாவது: தொடர் நிகழ்காலம்

இந்த வேளையிலோ இந்தச் சில நாட்களிலோ நடந்துகொண்டிருப்பதற்கு இது உரியது. "ஆம்", "இஸ்", "ஆர்" ஆகிய மூன்றில் ஒன்று முன்னே வரும். வினைச்சொல் "இங்" என்று முடியும். "ஐ ஆம் வீவிங்", "ஹி இஸ் வீவிங்", "வி ஆர் வீவிங்". எதிர்மறைக்கு நடுவில் "நாட்" சேர்த்தால் போதும். "ஐ வீவிங்" என்று துணைவினையை விட்டுவிடுதலும், "ஐ ஆம் வீவ்" என்று "இங்" விகுதியை விட்டுவிடுதலும் நம்மிடையே காணப்படும் பிழைகள்.

தறியில் பாவு நீண்டு நிலைத்திருக்கிறது. நாடா இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலைத்தது முதலாவது, ஓடுவது இரண்டாவது என்று நினைவில் கொள்க.

நம் மாவட்டத்திலிருந்தே சில உதாரணங்கள்

கோமுகி ஆறு கல்வராயன் மலையில் தோன்றுகிறது. இது என்றும் மாறாத உண்மை. ஆகவே, "தி கோமுகி ரைசஸ் இன் தி கல்வராயன் ஹில்ஸ்" என்று எழுத வேண்டும். "தி கோமுகி இஸ் ரைசிங்" என்று எழுதினாலோ, ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருளாகிவிடும். முன்னது பூகோளப் பாடம்; பின்னது கரையோரத்தார் மூட்டை கட்ட வேண்டிய எச்சரிக்கை.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைப் பருவம் முடிந்த பின்னும், "தி மில் க்ரஷஸ் கேன்" என்பது உண்மையே. அதுதான் ஆலையின் தொழில். ஆனால் அப்போது, "தி மில் இஸ் க்ரஷிங் கேன்" என்றால் அது பொய்யாகும். அதை நம்பி ஒருவர் கரும்பை வெட்டி வண்டியில் ஏற்றினால் கரும்பு காய்ந்து எடை குறையும். நட்டம் பயிரிட்டவருக்கே.

எப்போதும் மரவள்ளி பயிரிடும் ஒருவர் இவ்வாண்டு மட்டும் மக்காச்சோளம் விதைத்திருந்தால், "ஐ க்ரோ டாபியோகா, பட் திஸ் இயர் ஐ ஆம் க்ரோயிங் மெய்ஸ்" என்று எழுதலாம். ஒரே வாக்கியத்தில் இரு காலங்களும் தத்தம் இடத்தில் நிற்பதைக் காண்க.

"இங்" ஏலாத சொற்கள்

நம்மவர் கடிதங்களில் மிகுதியாகத் தென்படும் பிழை ஒன்று உண்டு. "வி ஆர் ஹேவிங் 40 லூம்ஸ்" என்று எழுதிவிடுகிறோம். உடைமை என்பது ஒரு நிலை. ஓடிக்கொண்டிருக்கும் செயல் அன்று. ஆதலால் "வி ஹேவ் 40 லூம்ஸ்" என்றே எழுத வேண்டும். அவ்வாறே தெரிதல், வேண்டியிருத்தல், உரியதாதல், கடன்பட்டிருத்தல் ஆகிய பொருள் தரும் "நோ", "நீட்", "பிலாங்", "ஓ" என்னும் சொற்களும் பொதுவாக "இங்" பெறுவதில்லை. "தி சொசைட்டி நீட்ஸ் யார்ன்" என்க. "தி லேண்ட் பிலாங்ஸ் டு மை மதர்" என்க. "ஹேவ்" என்பதற்கு உண்ணுதல் என்ற பொருளும் உண்டு. அப்பொருளில், "வி ஆர் ஹேவிங் அவர் மீல்" என்பது தவறன்று.

நாளைக் குறிக்கும்போது

இவ்விரு நிகழ்காலங்களும் வருங்காலத்திற்கும் வருவதுண்டு. குறித்த நேரப்படி நடப்பதற்கு முதலாவது: "தி மீட்டிங் பிகின்ஸ் அட் 10." நாம் ஏற்பாடு செய்து முடித்த காரியத்திற்கு இரண்டாவது: "வி ஆர் சென்டிங் தி பேல் ஆன் ஃப்ரைடே." இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நாளைக் குறிப்பிட்டு இவ்வாறு எழுதினால், பெறுபவர் அதை ஏற்பாடு முடிந்த வாக்குறுதியாகவே கொள்வார். பாவே ஏற்றாத தறியை நம்பி இவ்வாக்கியத்தை எழுதலாகாது. அது இலக்கணப் பிழையன்று, நாணயப் பிழை.

கடிதம் எழுதுமுன்

முதலில் தமிழில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க. "நெய்வார், நெய்வதில்லை" என்று பொருந்தினால் சாதாரண நிகழ்காலம். "இப்போது நெய்துகொண்டிருக்கிறார், இப்போது நெய்யவில்லை" என்று பொருந்தினால் தொடர் நிகழ்காலம். ஐயம் நேர்ந்தால், "எவ்ரி டே", "யூஷுவலி" என்னும் சொற்களை முதலாவதனோடும், "நௌ", "அட் ப்ரசன்ட்", "திஸ் வீக்" என்னும் சொற்களை இரண்டாவதனோடும் சேர்த்து எழுதுக. காலச் சொல் கூட இருந்தால் படிப்பவர் தடுமாறமாட்டார்.

பயிற்சி

பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்து, அதன்பின் விடையை நோக்குக.

1. எங்கள் சங்கம் துண்டுகள் விற்கிறது. அதுவே எங்கள் தொழில்.
2. எங்கள் தறி இந்த வாரம் ஓடவில்லை.
3. எங்களிடம் 12 தறிகள் உள்ளன.
4. மலையில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கிறது.

விடைகள்: 1. "அவர் சொசைட்டி செல்ஸ் டவல்ஸ்." 2. "அவர் லூம் இஸ் நாட் வொர்க்கிங் திஸ் வீக்." 3. "வி ஹேவ் 12 லூம்ஸ்." 4. "இட் இஸ் ரெயினிங் இன் தி ஹில்ஸ் நௌ."

படித்த பிள்ளைகள் வீட்டில் இருப்பின், இப்பாடத்தை அவர்களோடு அமர்ந்து படிப்பது நலம். சங்கக் கடிதம் அஞ்சலில் சேருமுன் இருவர் படித்துப் பார்ப்பது இன்னும் நலம். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணுக்குத் தென்படும். ஒருவருக்கொருவர் துணையாயிருப்பதற்கென்றே நாம் சங்கம் கூடினோம். அத்துணை கடிதத்திற்கும் கிடைக்கட்டும்.