போர்டு போனில் காட்டவில்லையா? ‘போச்சு’ன்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த 5 இடங்களைப் பாருங்க

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கு, மோட்டார் ஓடுதா, நின்னுடுச்சா? இதையெல்லாம் போனிலேயே பார்க்க, பல வீடுகளில் சின்னதா ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இருக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளையோ, தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரரோ செய்து கொடுத்ததாக இருக்கும். கம்பெனிப் பொருள் இல்லை என்பதால் இதற்கு சர்வீஸ் சென்டர் கிடையாது.

திடீரென இணைப்பு வராவிட்டால் பெரும்பாலும் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம். ஆனால் சோதனையைப் போர்டிலிருந்து தொடங்கிப் போனுக்கு வருவதுதான் சுலபமான வழி. பரவலாகப் பயன்படும் இ.எஸ்.பி.32 சிப்பை வைத்தே இங்கே பார்ப்போம்.

முதலில் பாதுகாப்பு: மோட்டாரை இயக்கும் ரிலேயில் 230 வோல்ட் இருக்கும். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்காதீங்க. மோட்டார் வயர்களை எலக்ட்ரீஷியன் கழற்றிய பிறகு, போர்டை மட்டும் 5 வோல்ட் சார்ஜரில் போட்டுச் சோதிங்க.

1. மின்சாரம் போதுமா?

போர்டில் லைட் எரிவதால் மட்டும் கரண்ட் போதுமான அளவு வருதுன்னு அர்த்தம் இல்லை. எல்.இ.டி.க்குச் சில மில்லிஆம்பியர் போதும். சிப்புக்கோ 3.3 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரக்கூடிய சப்ளை வேண்டும். வைஃபை தகவல் அனுப்பும் நொடியில் கரண்ட் தேவை சட்டென ஏறும். சப்ளை தாங்காவிட்டால் வோல்டேஜ் இறங்கி, சிப் தானாக ரீஸ்டார்ட் ஆகும். போனில் பார்த்தால் இணைப்பு வந்து வந்து போகிற மாதிரி தெரியும். நல்ல சார்ஜர், குட்டையான கேபிள் போட்டுப் பாருங்க. மல்ட்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கோளாறு சப்ளையில்தான்.

2. கேபிள் சரியானதா?

சில கேபிள்களில் சார்ஜ் வயர் மட்டுமே இருக்கும், டேட்டா வயர் இருக்காது. அதே கேபிளில் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டோவை காப்பி பண்ணிப் பாருங்க. காப்பி ஆகாவிட்டால் கேபிளை மாற்றுங்க.

சொந்தமாக வடிவமைத்த டைப்-சி போர்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் இரண்டு சி.சி. முனைகளிலும் தனித்தனியாக 5.1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கணும். இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் போர்டு உயிர் பெறாது, பழைய சார்ஜர் கேபிளில் மட்டும் வேலை செய்யும். 2019-இல் வெளியான ராஸ்பெர்ரி பை 4 கம்ப்யூட்டரின் முதல் பதிப்பில், இரண்டு முனைக்கும் ஒரே ரெசிஸ்டரை வைத்துவிட்டதால் சில கேபிள்களில் அது இயங்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கே நடந்த தவறு என்பதால், செய்து கொடுத்தவரைத் தயங்காமல் கேளுங்க.

3. சிக்னல் எட்டுகிறதா?

இ.எஸ்.பி.32 சிப்புக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரௌட்டரோ, போன் ஹாட்ஸ்பாட்டோ 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் அதன் கண்ணுக்கே படாது. செட்டிங்ஸில் 2.4-க்கு மாற்றுங்க. போர்டை இரும்புப் பெட்டிக்குள் மூடி வைத்தாலும் சிக்னல் தடைபடும். ஆண்டெனா பகுதியை ஒட்டி உலோகமோ வயர்க்கட்டோ இருக்கக்கூடாது.

4. போன் அனுமதி தந்திருக்கா?

ப்ளூடூத் போர்டைத் தேட, ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை இருப்பிட அனுமதி வேண்டும். ஹெச்.சி.-05 ப்ளூடூத் மாட்யூல் ஐபோனுடன் வேலை செய்யாது. அது பழுது இல்லை, இரண்டும் பேசும் முறையே வேறு.

போர்டே வைஃபை தரும் வகையாக இருந்தால், அதில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். சோதிக்கும்போது டேட்டாவை அணைச்சிடுங்க. இன்னொரு போனிலும் இணைத்துப் பாருங்க. அதில் வந்தால், குறை உங்கள் போன் செட்டிங்ஸில்.

5. கடைசியில்தான் புரோகிராம்

மேலே சொன்ன நான்கும் சரி என்றால் மட்டும் செய்து கொடுத்தவரிடம் போங்க. போர்டைக் கம்ப்யூட்டரில் இணைத்தால், சீரியல் மானிட்டரில் பிழைச் செய்தி வரும். ‘பிரவுன்அவுட்’ என்று வந்தால், மறுபடி முதல் படிக்கே போகணும், ஏனென்றால் வோல்டேஜ் இறங்குது என்று அர்த்தம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க, மாற்றியதை எழுதி வையுங்க. சார்ஜர், கேபிள், ஆப் மூன்றையும் ஒரேயடியாக மாற்றினால், எது சரிசெய்தது என்றே தெரியாது.

இணைப்பு திரும்பிய பிறகு ஒரு சோதனை பாக்கி. மோட்டார் ஓடும்போது போன் வைஃபையை அணைத்துவிட்டுக் காத்திருங்க. தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்கணும். நிற்காவிட்டால், நிறுத்தும் முடிவு போனில் இருக்கு என்று அர்த்தம். அதைப் போர்டுக்குள் மாற்றித் தரச் சொல்லுங்க. அதுவரை மோட்டாரைச் சுவிட்ச் போட்டுக் கையால் இயக்குவதே நல்லது.