குளிர்சாதனப் பெட்டி எழுப்பும் சத்தங்கள்: இயல்பானவையும் கவனிக்க வேண்டியவையும்

வீட்டிலுள்ள மின்சாதனங்களுள் இரவு பகலாக ஓயாது இயங்குவது குளிர்சாதனப் பெட்டி. பகற்பொழுதில் தொலைக்காட்சியின் ஒலியிலும் பிள்ளைகளின் பேச்சிலும் அதன் சத்தம் அமுங்கிவிடுகிறது. வீடு அடங்கிய பின்னரே அது முனகுவதும், களகளப்பதும், சுவரில் எவரோ தட்டியது போலத் திடீரென வெடிப்பதும் காதில் விழுகின்றன. மெல்பேர்ண் புறநகர்களிலுள்ள புதிய வீடுகள் பலவற்றில் சமையலறையும் வரவேற்பறையும் ஒரே கூடமாக அமைந்திருப்பதால், அச்சத்தம் படுக்கையறை வரை எட்டுவதும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை பழுதின் அறிகுறிகள் அல்ல. ஆயினும் சில சத்தங்களைக் கேட்டும் கேளாதது போல் விட்டுவிட்டால், உணவும் மருந்தும் கெட்டுப்போன பின்னரே அவற்றின் பொருள் விளங்கும்.

பெட்டியின் உள்ளே நடப்பது

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. கம்பிரசர் என்னும் கருவி குளிர்வாயுவை அழுத்திச் சூடாக்குகிறது. பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவர்களுக்குள்ளோ உள்ள குழாய்களில் அவ்வாயு தன் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர் மிக நுண்ணிய குழாயொன்றின் வழியே உள்ளே பாய்ந்து, அழுத்தம் குறைந்து ஆவியாகும்போது, உள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பக்கச் சுவரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதனாலேயே. இந்த நுட்பத்திற்கும் விக்டோரியா மாநிலத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. ஜீலோங் நகரில் பத்திரிகை ஆசிரியராக விளங்கிய ஜேம்ஸ் ஹாரிசன், ஈதர் ஆவியைக் கொண்டு பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை 1850களில் அங்கு உருவாக்கிக் காப்புரிமையும் பெற்றார்.

இவ்வியக்கத்தை மனத்திற் கொண்டால் பல சத்தங்கள் தாமாகவே விளங்கிவிடும். நீர் கொதிப்பது போன்ற களகளப்பும் மெல்லிய சீறலும் குளிர்வாயு குழாய்களில் ஓடுவதால் எழுபவை. கம்பிரசர் நின்ற பின்னரும் இவை சில நிமிடங்கள் கேட்கும். ‘படக்’ என்னும் வெடிப்பொலி, பெட்டியின் பிளாஸ்டிக் பாகங்கள் குளிரில் சுருங்கியும் வெப்பத்தில் விரிந்தும் எழுப்புவது. உறைபனி தானாக உருகும் வகைப் பெட்டிகளில், சூடாக்கி இயங்கும் வேளையில் நீர்த்துளிகள் அதன்மேல் விழுந்து ‘சுர்’ரென்று ஒலிப்பதும் இயல்பே.

புதிய பெட்டி வாங்கியோர் பலர் அது நிற்காமல் ஓடுகிறது என்று கவலைப்படுவதுண்டு. பழைய பெட்டிகளின் கம்பிரசர் முழு வேகத்தில் ஓடும், பின்னர் நின்றுவிடும். இன்வெர்ட்டர் வகைக் கம்பிரசரோ தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நெடுநேரம் ஓடுகிறது. அதன் குரலும் சற்று மெலிந்து, உயர்ந்து ஒலிக்கும். இதைப் பழுதெனக் கருதித் திருத்துநரை அழைத்தால், வந்து பார்த்ததற்கான கட்டணம் மட்டுமே மிஞ்சும்.

கவனிக்க வேண்டிய சத்தங்கள்

பெட்டி முழுவதும் கடகடவென்று அதிர்ந்தால், முதலில் பார்க்க வேண்டியது அது நிற்கும் இடத்தை. அடியிலுள்ள கால்களைத் திருகி மட்டம் சரிசெய்வதும், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கைப்பிடியேட்டில் கூறப்பட்ட இடைவெளியை விடுவதும், மேலே அடுக்கியுள்ள தட்டுகளையும் டப்பாக்களையும் அகற்றுவதும் பல வீடுகளில் போதுமானவை. பின்புறம் அடியிலுள்ள நீர்த்தட்டு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம் எழும்.

ஃப்ரீசருக்குள்ளிருந்து விசிறியின் இறகு எதிலோ உரசுவது போலக் கேட்கும் சத்தம் வேறு வகையானது. ஃப்ரீசரின் கதவைத் திறந்தவுடன் அது நின்றுவிடுகிறதா என்று பார்க்கலாம். பல மாதிரிகளில் கதவு திறந்ததும் உள்விசிறி நின்றுவிடும் என்பதால், சத்தமும் உடன் நின்றால் அது அவ்விசிறியிலிருந்தே வருகிறது எனக் கொள்ளலாம். விசிறியைச் சூழ்ந்து பனி வளர்ந்து, இறகு அதில் மோதுவதே பெரும்பாலும் காரணம். கதவு சரியாக மூடாமல் ஈரக்காற்று உட்புகுவதால் பனி வளரக்கூடும். தோசை மாவுப் பாத்திரம் துருத்திக்கொண்டு நிற்பதும், ரப்பர் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதுமே அதற்குப் போதும். ஒரு தாளை விளிம்பில் வைத்துக் கதவை மூடி இழுக்கும்போது, தாள் தடையின்றி வழுக்கி வந்தால் அவ்விடத்தில் ரப்பர் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள்.

இதற்கான மருந்து எளியது; பொறுமைதான் வேண்டும். உணவுகளை எஸ்கிப் பெட்டியில் பனிக்கட்டியுடன் வைத்து, மின்செருகியைக் கழற்றி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட வேண்டும். கீழே துண்டுகளை விரித்து வைப்பது நன்று. கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பனியைக் குத்தி எடுப்பது கூடவே கூடாது. குத்துப்பட்டுக் குழாய் ஓட்டையானால் பெட்டியே வீணாகிவிடும். மேலும், இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்னும் குளிர்வாயு ஐசோபியூட்டேன் ஆகும், அது தீப்பற்றக்கூடியது. பனியை உருக்கிய பின்னர் சில வாரங்களுள் அதே உரசல் திரும்பினால், பனியை உருக்கும் சூடாக்கியிலோ அதன் உணரியிலோ கோளாறு இருக்கலாம். அதனைத் திருத்துநரே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது ‘டக்’ என்னும் சிறு சத்தம். ‘டக்’, சில விநாடிகள் உறுமல், மீண்டும் ‘டக்’ என்றவாறு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொடர்ந்தால், கம்பிரசர் தொடங்க முயன்று தோற்கிறது என்று பொருள். அப்போது பெட்டியை அணைத்துப் பத்து நிமிடங்கள் விட்டு, நீட்டிப்பு வயரைத் தவிர்த்து, சுவரிலுள்ள மின்செருகியிலேயே நேரடியாக இணைத்துப் பார்க்கலாம். அதன் பின்னும் அச்சத்தம் தொடர்ந்தால் பெட்டியை அணைத்துவிட்டு உணவைக் காப்பதில் கவனம் செலுத்த வேண்டும். எரிந்த வாடை வந்தாலோ, பெட்டியைத் தொடும்போது மின்னதிர்வு உணரப்பட்டாலோ, மீண்டும் அதனைத் தொடாமல் வீட்டின் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். உள்விளக்கு எரிந்தும் பல மணி நேரமாக எவ்விதச் சத்தமும் இல்லையெனில், அதுவும் கவனத்திற்குரியதே.

காதை விட நம்பத்தக்கது வெப்பமானி

எந்தச் சத்தமானாலும் இறுதியில் தீர்ப்பது பெட்டிக்குள் உள்ள வெப்பநிலையே. விலை குறைந்த வெப்பமானி ஒன்றை ஒரு குவளை நீரில் இட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பார்க்க வேண்டும். 5 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், சத்தம் எரிச்சலூட்டினாலும் உணவுக்கு ஆபத்தில்லை. ஃப்ரீசர் −15 முதல் −18 பாகை வரை இருத்தல் வேண்டும்.

விரைவில் கெடக்கூடிய உணவு 5 பாகைக்கு மேல் மொத்தம் 2 மணி நேரத்திற்குள் இருந்திருந்தால் மீண்டும் குளிரில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரமாயின் உடனே உண்டுவிட வேண்டும். 4 மணி நேரத்தைக் கடந்ததை, அது மீன் குழம்பானாலும் பண்டிகைக்கு வாங்கிய ஆட்டிறைச்சியானாலும், எறிந்துவிடுவதே முறை. ‘நல்லாத்தான் மணக்குது’ என்பது இங்கே சான்றாகாது. நோய் உண்டாக்கும் கிருமிகள் பல, மணத்தையோ சுவையையோ மாற்றுவதில்லை.

இன்சுலின் பயன்படுத்துவோர் இருக்கும் வீடுகளில் அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும். திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலின், பின்னர் உருகினாலும் பயன்படுத்தத்தக்கதன்று. பெட்டி பழுதடைந்த நாளில் வீட்டிலுள்ள மருந்தைப் பயன்படுத்தலாமா என்பதை மருந்தாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வாகனக் கொட்டகையில் இரண்டாவது பெட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மவரிடையே பல. கோடையில் 40 பாகையைத் தொடும் நாட்களில் அப்பெட்டி ஓயாது உறுமும். அது பழுதாகவும் இருக்கலாம். வெப்பத்தோடு போராடுவதாகவும் இருக்கலாம். எவரும் அடிக்கடி திறக்காத பெட்டி என்பதால் வெப்பமானி அங்கேதான் முதலில் தேவை.

திருத்தமும் உரிமையும்

அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் 2011 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, உற்பத்தியாளரின் உத்தரவாதக் காலம் முடிந்தாலும், விலைக்கும் தரத்திற்கும் ஏற்ற நியாயமான காலம் வரை பொருள் உழைக்க வேண்டும். பெரிய பழுதாயின் பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்றுப் பொருள் பெறுவதா என்பதைத் தெரிவு செய்யும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. ‘உற்பத்தியாளரிடம் போங்கள்’ என்று கூறிக் கடைக்காரர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தால் பேச்சு எளிதாகும். திருத்துநர் வரும் நாளில் அச்சத்தம் கேட்காமற் போவது வழக்கம்.

வாடகை வீட்டுடன் வழங்கப்பட்ட பெட்டியாயின், பழுதை வீட்டு முகவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விக்டோரியாவில் அவசரமற்ற திருத்தங்களை, எழுத்தில் அறிவித்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் செய்து முடிக்க வேண்டும் என்பது விதி. புளோரோகார்பன் வகைக் குளிர்வாயுவைக் கையாள்வோர் ஆர்க்டிக் எனப்படும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம அட்டையைக் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவாகாது.

திருத்த இயலாத பெட்டியை நடைபாதையில் விட்டுச் செல்லுதல் தவறு. 2019 சூலை 1 முதல் விக்டோரியாவில் மின்கழிவுகளை நிலநிரப்புக் குப்பையில் சேர்ப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மாநகர சபையின் பருமனான கழிவுச் சேவைக்கு முன்பதிவு செய்து, சிறுவர் உள்ளே அகப்படாதவாறு கதவுகளைக் கழற்றி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் உரையாடத் தயங்குவோர் 131 450 என்னும் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம் சபையுடன் பேசலாம்.