கறுத்தப் பெடியனுக்கு என்ன நிறச் சேட்?

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரக் கடைத்தெருவில் இலையுதிர்காலம் தொடங்கியதும் ஆண்களின் உடுப்புகளில் கறுப்பும் சாம்பலும் கடும் நீலமும்தான் தொங்கும். டெனிஸ்காரர் அவற்றை விரும்பி எடுக்கிறார்கள். எங்கள் பெடியளும் அவற்றைத்தான் எடுக்கிறார்கள். ஆனால், பலருக்குக் காரணம் விருப்பம் அல்ல. "நீ கறுப்பு, உனக்குக் கலர் எடுபடாது" என்று சின்ன வயதில் யாரோ ஒரு மாமி சொன்னது மனதில் தங்கிவிட்டது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து ஜூட்லாந்தின் சிறு நகரங்களில் குடியேறிய நாங்கள் புது மொழி, புதுத் தொழில், புதுக் குளிர் எல்லாவற்றுக்கும் பழகினோம். இந்தப் பேச்சை மட்டும் அடுத்த தலைமுறைக்கும் கொடுத்துவிட்டோம். இதையும் இதுபோன்ற வேறு பேச்சுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தியே ஆகவேண்டும்.

"கறுத்தவருக்கு மங்கல் நிறம்தான் பொருந்தும்."

நேர் எதிராகத்தான் கண் வேலை செய்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரோலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று முறைப்பாடு வந்தது. அவர் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோரவைத்தன. அருகருகே நிற்கும் நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றது மாற்றும் என்று 1839இல் அவர் வெளியிட்ட நூல் விளக்கியது. சேட்டும் முகமும் அப்படித்தான் அருகருகே நிற்கின்றன. பொதுநிறத்தவர் மணல் நிறமோ காக்கியோ போட்டால் துணிக்கும் தோலுக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைந்து, இரண்டும் சேர்ந்து சோர்ந்து தெரியும். அதே ஆள் மாம்பழ மஞ்சளோ மயில் நீலமோ போடட்டும், முகம் துலங்கும். நல்ல கறுப்பு நிறத்தவருக்குக் குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ ஊதா, போத்தல் பச்சை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும். ஹேர்னிங் சித்தி விநாயகர் கோயில் திருவிழாவில், வெறும் மேலுடன் பட்டு வேட்டியும் சிவப்புச் சால்வையும் கட்டி நிற்கும் ஆண்களைப் பார்த்தவருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கறுப்புச் சேட்டும் விலக்கானது அல்ல. ஆனால், மினுக்கம் இல்லாத தடித்த துணி என்றால், மங்கிய வெளிச்சத்தில் தாடையும் கழுத்துப்பட்டியும் ஒன்றாகிவிடும். உள்ளே ஒரு வெளிர் நிற ரீசேட் தெரியவிடுங்கள், அல்லது நிறமான கழுத்துச் சால்வை சுற்றுங்கள். அவ்வளவுதான்.

"யாழ்ப்பாணத்தில் எடுபட்ட நிறம் எங்கும் எடுபடும்."

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டிசம்பரின் ஆகக் குறுகிய நாளில் சில்க்போர்க்கில் பகல் 7 மணி நேரம்கூட இல்லை. நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 10 பாகை அளவில்தான் நிற்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்து நண்பகல் சூரியன் ஏறத்தாழ 57 பாகை உயரத்தில் நிற்கும். சில்க்போர்க் சூரியன் அந்த உயரத்தைத் தொடுவது ஜூன் மாத நடுப்பகுதியில்தான். அதாவது, இங்கத்தைய உச்சக் கோடை நண்பகல்தான் எங்கள் ஊரின் மார்கழி நண்பகல். முகில் மூடிய நாளின் வெளிச்சம் நீலச் சாயல் கொண்டது. அதில் வெளிறிய நீலமும் சாம்பலும் இன்னும் குளிர்ந்துபோகும். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள் போன்றவை உயிரோடு நிற்கும்.

கடைக்குள் எரியும் விளக்கு இன்னொரு கதை. மஞ்சள் சாயலான விளக்கில் மண் நிறமாகத் தெரிந்த சேட் வெளியே வந்ததும் வேறு நிறமாகத் தெரியலாம். குளிர்காலத்தில் வேலை முடிந்து நாலு மணிக்குக் கடைக்குப் போனால் வெளியே ஏற்கெனவே இருட்டு; வாங்கும் துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வழியே இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, வாசல் கண்ணாடிக்கு அருகே நின்று பாருங்கள்.

"எந்த நிறம் பொருந்தும் என்று அறிய, மணிக்கட்டு நரம்பு நீலமா பச்சையா என்று பார்த்தால் போதும்."

நாளம் நீலமாகத் தெரிவது அதன் ஆழம், தடிப்பு, சுற்றியுள்ள தோல், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கண்ணில் உண்டாக்கும் தோற்றம். கறுத்த தோலில் அது தெரியாமலே போகலாம். இப்படியான விதிகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 1980இல் வந்து உலகெங்கும் விற்ற கரோல் ஜாக்சனின் நூல், பொருந்தும் நிறங்களை வைத்து மனிதரை நான்கு பருவகாலங்களாகப் பிரித்தது. ஆசியர், ஆபிரிக்கர் பெரும்பாலானோரைக் குளிர்காலம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டது. எங்களில் ஒரே வீட்டுக்குள்ளேயே எத்தனை நிறம்!

"வெள்ளைச் சேட் போட்டால் இன்னும் கறுப்பாய்த் தெரிவாய்."

இந்த எண்ணத்தைக் கலியாண அல்பம்தான் வளர்த்திருக்கிறது. படத்தில் வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சேலையும் நிறைந்தால், தானாக அளக்கும் கமரா வெளிச்சம் கூடிவிட்டதாக எண்ணிக் குறைத்துவிடும், முகம் இருண்டுவிடும். கூடவே, பிலிம் காலத்தில் கொடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே; நிறங்களை அந்த முகத்துக்கு ஏற்பவே சரிசெய்தார்கள். குறை சேட்டிலும் இல்லை, மாப்பிள்ளையிலும் இல்லை. வெள்ளையைத் தாராளமாகப் போடுங்கள். தூய வெள்ளை கூசினால் சந்தன வெள்ளை எடுங்கள். படம் எடுப்பவரிடம் முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கணினியில் மாப்பிள்ளையை வெளுக்க வேண்டாம் என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.